எந்தப் பானைச் சோறு?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அடுக்களையில் பிறந்த ஆராய்ச்சி முறை அது. பல்கலைக்கழகத்தார் பின்னாளில் அதற்கு 'மாதிரி எடுத்தல்' என்று பெயரிட்டு, கணக்கும் வகுத்தார்கள். ஆனால் சோறாக்கும் தாய் ஒரு நிபந்தனையை மட்டும் என்றும் மறந்ததில்லை. எந்தப் பானையின் பதம் அறியவேண்டுமோ, அந்தப் பானையிலிருந்துதான் பருக்கையை எடுப்பாள். பண்ணையார் வீட்டுப் பொன்னி அரிசியை நசுக்கிப் பார்த்துவிட்டு, கூலிக்காரன் குடிசையில் கொதிக்கும் ரேஷன் அரிசி வெந்துவிட்டது என்று சொல்லமாட்டாள்.

குமரப் பருவத்தை ஆராய்ந்த மேதைகள் பலர் அப்படித்தான் சொன்னார்கள். நூறாண்டுகளுக்கும் மேலாகச் சொன்னார்கள். சொன்னது பாடநூலாயிற்று, பாடநூல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு வந்தது, அங்கிருந்து கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியின் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது. வந்த வழியைச் சற்று விரிவாகவே பார்ப்போம், தோழர்களே.

ஆசிரியப் பயிற்சி பெறுவோர் உருப்போடும் பாடம் ஒன்று உண்டு. 13 வயது தொடங்கி 19 வயது வரையிலான பருவம் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த பருவமாம். பெற்றோரை எதிர்த்துப் பேசும் பருவமாம். நான் யார், என் எதிர்காலம் என்ன என்று தனியறையில் அமர்ந்து எண்ணி எண்ணி ஏங்கும் பருவமாம். முன்பு குமரப் பருவம் என்றார்கள். இன்று அரசாங்க ஏடுகள் வளரிளம் பருவம் என்கின்றன. பெயர் எதுவாயினும் சித்திரம் ஒன்றுதான். அந்தச் சித்திரத்திலுள்ள பையனுக்குத் தனியறை இருக்கிறது. எதிர்த்துப் பேசுவதற்கு, மாலையில் வீடு திரும்பும் தந்தை இருக்கிறார். எண்ணி ஏங்குவதற்கு ஓய்வு இருக்கிறது. இம்மூன்றும் இல்லாத பிள்ளை அந்தப் பருவத்தைக் கடக்கவில்லையா? கடக்கிறான். சித்திரக்காரர்தான் அவன் தெருவுக்கு வரவில்லை!

யார் அந்தச் சித்திரக்காரர்? கிரான்வில் ஸ்டான்லி ஹால் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். கிளார்க் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கியவர். 1892இல் அமெரிக்க உளவியல் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர். 1904இல் அவர் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட நூல்தான், குமரப் பருவத்தைத் தனியொரு துறையாக்கிய நூல். ஆசிரியர்கட்கும் பயிற்சிப் பள்ளி மாணவர்கட்கும் வினாத்தாள்களை அனுப்பி விடைகளைத் திரட்டுவது அவர் கையாண்ட முறை. புகழ்பெற்ற எழுத்தாளர்கள் தம் இளமையைப் பற்றி எழுதிவைத்த வரலாறுகளையும் வாரி எடுத்துக்கொண்டார். புயல் என்ற சொல் இந்தக் குவியலிலிருந்துதான் எழுந்தது.

இனி, அதே நாட்டின் கணக்கேடு கூறுவதைக் கேளுங்கள். 1900ஆம் ஆண்டில் 14 முதல் 17 வயது வரையுள்ள அமெரிக்கப் பிள்ளைகளில் உயர்நிலைப் பள்ளியில் இருந்தவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். அதே ஆண்டு எடுத்த குடிக்கணக்கிலோ, 10 முதல் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியரில் பதினேழரை லட்சம் பேர் ஊதியத்திற்கு உழைப்பவர்கள் எனப் பதிவாயினர். நூற்பாலையில் இழை பிணைத்த சிறுமி, நிலக்கரிச் சுரங்க வாயிலில் கல் பொறுக்கிய சிறுவன், தெற்கே பருத்திக் காட்டில் குனிந்த முதுகோடு நின்ற கருநிறப் பிள்ளை. இவர்களும் பதினான்கைத் தாண்டித்தான் பதினைந்துக்குச் சென்றார்கள். அவர்களிடம் வினாத்தாள் போகவில்லை. போயிருந்தாலும் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்? வாழ்க்கை வரலாறு எழுதிவைக்க எவருக்கு நேரம்?

ஹால் அவர்களின் நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. நம் இளைஞர்கள் அறியவேண்டியது. பிற்பகுதியில் 'குமரப் பருவ இனங்கள்' பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் வளரும்போது மனித இனம் கடந்து வந்த பாதையையே மீண்டும் கடக்கிறது என்பது அவருடைய கொள்கை. ஆகவே வெள்ளையரல்லாத பல இனத்தவர், உடலால் வளர்ந்தும் உள்ளத்தால் முதிராத பிள்ளைகளாம்! முகத்தில் பிறந்தவன் ஒருவன், காலில் பிறந்தவன் ஒருவன் என்ற நம் நாட்டுக் கதைக்கும் இதற்கும் உடுப்புத்தான் வேறு. அங்கே புராணம் பேசியது, இங்கே பேராசிரியர் பேசினார். இனக் கொள்கையை உலகம் பின்னர் கைகழுவியது. ஆனால் அதே நூலில் பிறந்த புயல் மட்டும் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

அவருக்குப் பின் வந்தவர்களும் பள்ளி வாசலிலேயே நின்றார்கள். 1921இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன், அறிவிற் சிறந்த பிள்ளைகளைத் தேடிப் புறப்பட்டார். யாரைச் சோதிப்பது என்பதை முதலில் பெரும்பாலும் ஆசிரியர்களே சுட்டிக்காட்டினார்கள். 1,500 பேருக்கு மேல் தேர்ந்தார்கள்; மிகப் பெரும்பாலோர் வசதி படைத்த வெள்ளையர் வீட்டுச் செல்வங்கள். அந்தச் சோதனையில் தேறாமற்போன சிறுவர்களில் இருவர், ஷாக்லி, அல்வாரெஸ் என்போர், பிற்காலத்தில் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றார்கள் என்பது வேடிக்கை. சலித்துத் தள்ளிய தவிட்டில் மணி இருந்தது!

பள்ளிக்கு வெளியேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்துச் சொன்னவர் ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்ற சமூகவியலார். 1941-42இல் இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார். ஊரின் பெயரை மறைத்து 'எல்ம்டவுன்' என்று அழைத்தார். 1949இல் நூல் வெளிவந்தது. ஊர் மக்களை மேலிருந்து கீழாக ஐந்து வகுப்பாகப் பிரித்தார். குமரப் பருவத்தினர் 735 பேர் அவர் ஏட்டில் இடம்பெற்றார்கள். மேல் இரு வகுப்பிலும் சேர்த்து 35 பேர். 35 பேரும் பள்ளியில். மூன்றாம் வகுப்பில் 158 பேர். 146 பேர் பள்ளியில். நான்காம் வகுப்பில் 312 பேர், பள்ளியில் 183. ஐந்தாம் வகுப்பு, அதாவது ஊரின் அடித்தட்டு, 230 பேர். பள்ளியில்? 26 பேர்!

இந்த எண்களைச் சற்று நிறுத்திப் பாருங்கள். ஓர் ஆராய்ச்சியாளர் அவ்வூர்ப் பள்ளிக்குள் நுழைந்து, அங்கிருந்த 390 பேரையும் ஒருவர் விடாமல் ஆராய்ந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் நேர்மையானவர், கருவிகள் துல்லியமானவை, கணக்கில் பிழையே இல்லை. அவர் பார்வையில் அடித்தட்டுப் பிள்ளைகள் பதினைந்தில் ஒருவர். ஊரிலோ அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். மேல்தட்டார் ஊரில் இருபத்தொன்றில் ஒருவர். பள்ளியில் பதினொன்றில் ஒருவர். எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் எதையும் மறைக்கவில்லை. பள்ளி வாசற்படியே சல்லடையாக நின்று வேலையை முடித்துவிட்டது. சாய்வு என்றால் யாரோ ஒருவருடைய கெட்ட எண்ணம் என்று கருதுவோர் இந்த ஊரின் கணக்கை மனப்பாடம் செய்வது நல்லது.

நம் பக்கம் வருவோம். கெடிலத்தின் கரையில் திருவந்திபுரம். மேற்கே சென்றால் நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை, அதைத் தாண்டிப் பண்ருட்டியின் பலாவும் முந்திரியும். கிழக்கே சென்றால் தேவனாம்பட்டினத்துக் கடல். இச்சிறு வட்டத்துக்குள்ளேயே எத்தனை வகைக் குமரப் பருவங்கள்! அப்பாவுடன் கரும்புக் கொல்லையில் சோகை உரித்துவிட்டு, கையிலும் கழுத்திலும் கீறலோடு முதல் மணிக்குப் பின் வந்து நிற்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன். முந்திரிக் கொட்டை உடைத்து விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்த பெண். வலை இழுக்கும் நாளில் வராத பிள்ளை. மறுபுறம், கடலூர் நகரில் தனிப்பயிற்சிக்குச் செல்வதற்கென்றே வண்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. நால்வருக்கும் வயது பதினான்கு. பாடநூலின் சித்திரத்தில் நால்வரில் ஒருவனே இருக்கிறான். மற்ற மூவரையும் அந்தச் சித்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசிரியர் என்ன எழுதுகிறார்? கவனமில்லை, ஆர்வமில்லை, வயதுக்கேற்ற வளர்ச்சியில்லை! மூன்று பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு, தம்பியைக் குளிப்பாட்டி அழைத்து வரும் பெண்ணுக்குப் பொறுப்புணர்ச்சி வளரவில்லை என்று குறிப்பெழுதும் விந்தையை வேறெந்தத் துறையிலும் காணமுடியாது.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊர்க் காட்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. முகூர்த்த நாட்களில் திருவந்திபுரம் மலைக்கோயிலில் திருமணங்கள் அடுத்தடுத்து நடக்கும். மாலையும் கழுத்துமாக மணமக்கள் படியெங்கும் நிற்பார்கள். பட்டுடுத்தி நிற்கையில் மணப்பெண்கள் அனைவரும் ஒரே தோற்றம்தான். ஒருத்தி கல்லூரிப் படிப்பை முடித்துப் பணியில் அமர்ந்தபின் வந்திருப்பாள். இன்னொருத்தி பத்தாம் வகுப்போடு நின்று, வீட்டு வேலையும் கொல்லை வேலையும் செய்து, வயது நிறைவதற்காகக் காத்திருந்து வந்திருப்பாள். இருவரும் கடந்த குமரப் பருவம் ஒன்றாகுமா? வயது நிறையும்வரை காத்திருக்கவும் இயலாதவர் வேறு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 12.8 பேர் பதினெட்டு நிறையுமுன் மணமுடிக்கப்பட்டவர்கள். இந்தியா முழுமைக்கும் அது 23.3.

இதை ஆராய்ச்சி மொழியில் எடுத்துரைத்தவர் பரோடாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. எஸ். சரஸ்வதி. இந்தியாவில் குமரப் பருவம் என்பது கட்டுக்கதையா, அல்லது இப்போதுதான் உருவாகிவரும் உண்மையா என்ற கேள்வியையே தலைப்பில் தாங்கிய அவருடைய கட்டுரை 1999இல் வெளியாயிற்று. மேல்தட்டு வீட்டு ஆண்பிள்ளைக்கு மேலைநாட்டு நூல்கள் கூறும் குமரப் பருவம் தெளிவாக உண்டு; வசதி குறையக் குறைய அது தேய்கிறது; ஏழை வீட்டுப் பெண்ணுக்கோ குழந்தைப் பருவம் நேரே பெண்மைப் பொறுப்பில் சென்று முட்டுகிறது, நடுவில் இடைவெளியே இல்லை என்றார். குமரப் பருவம் என்பது வயது கொண்டுவரும் பொருளன்று, வசதி வாங்கித் தரும் பொருள் என்பது அதன் சாரம். என் மட்டில், ஆசிரியப் பயிற்சி நூல்களில் ஹாலுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியையாவது இந்த அம்மையாருக்கு ஒதுக்கியிருக்க வேண்டும் என்பேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, செல்வர் வீட்டுப் பிள்ளையை அளந்ததால் மட்டுமே தவறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஏழைப் பிள்ளையை மட்டும் அளந்து தடுமாறிய வரலாறும் நம் நாட்டிலேயே உண்டு. அது இன்னும் சுவையானது, இன்னும் ஆபத்தானது.

1956 முதல் 1965 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்தது. பெரும்பணி அது, அறிக்கை 1972இல் வெளியாயிற்று. அளக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழை எளிய வீட்டுப் பிள்ளைகள். நாட்டின் நிலையைக் காட்டும் கண்ணாடி என்ற அளவில் அது உண்மை. ஆனால் அந்தச் சராசரியையே 'இந்தியப் பிள்ளையின் இயல்பான உயரம்' என்று எடுத்துக்கொண்டால்? அரைவயிற்றுக் கஞ்சியில் வளர்ந்த உயரம் அளவுகோலாகிவிடும். அந்தக் கோலின் பக்கத்தில் நிற்கும் பட்டினிப் பிள்ளை குட்டையாகத் தெரியமாட்டான். பசி தீராமலே, பசித்தோர் கணக்கு மட்டும் ஏட்டில் குறைந்துவிடும்!

இது வெறும் கற்பனையன்று. 1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், ஏழை நாட்டுப் பிள்ளைகளில் பலர் 'சிறியவர்கள், ஆனால் நலமானவர்கள்' என்று ஒரு கருத்தைக் கிளப்பினார். கிடைக்கும் உணவுக்கேற்ப உடல் தன்னைச் சுருக்கிக்கொண்டது, அது நோயன்று என்பது வாதம். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! அரசாங்கங்களுக்கு எவ்வளவு சிக்கனம்! எதிர்த்து எழுந்தவர்களில் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த நம்மவர், ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன். சிறியதே நலம் என்ற நீதி ஏழைக்கு மட்டும்தானா, செல்வனுக்கு இல்லையா என்று கேட்டார். குன்றிய உடல் என்பது பிழைத்திருப்பதற்காக அந்தப் பிள்ளை கொடுத்த விலை. அதை நலம் என்று அழைப்பது அநீதியை இயற்கையாக்குவது என்பதே அவர் வாதத்தின் உட்பொருள்.

உனக்கு இவ்வளவு போதும் என்று மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு அளந்து கொடுக்கும் பழக்கம் உணவோடு நின்றதா? 1953இல் இராசகோபாலாச்சாரியார் அரசாங்கம் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயரிட்டு எதிர்த்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. குயவன் பிள்ளையின் மனம் எவ்வளவு வளரும் என்று அளந்து பார்த்தா திட்டம் தீட்டினார்கள்? அளக்காமலே அளவு குறித்தார்கள்.

உயரத்தின் கதைக்குத் திரும்புவோம். 1992இல் அகர்வால் குழுவினர் வேறொரு அளவை வெளியிட்டார்கள். 12 நகரங்களில், 23 தனியார் பள்ளிகளில், 5 முதல் 18 வயது வரையுள்ள 22,850 பிள்ளைகள். அனைவரும் செல்வர் வீட்டார். அந்த ஆய்வின் தலைப்பிலேயே அது சொல்லப்பட்டிருந்தது. 2007இல் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் தன் வளர்ச்சி அட்டவணைக்கு அதையே அடிப்படையாகக் கொண்டது. செல்வர் பிள்ளைகளை மட்டும் அளப்பது இங்கே சரியாகுமா? ஆகும் என்பதே என் கருத்து. வயிறார உண்டு, நோயின்றி வளர்ந்தால் இந்தியப் பிள்ளை எவ்வளவு உயரம் வளரும் என்பதல்லவா அங்கே கேள்வி? செல்வன் மகன் எட்டிய உயரம் பாட்டாளி மகனுக்கு வரவேண்டிய பாக்கி. ஆனால் செல்வன் மகனின் மனப்போக்கு பாட்டாளி மகனின் மனத்துக்கு விதியாகாது. உடலை அளக்கும்போது உரிமையாக இருந்த கோல், உள்ளத்தை அளக்கும்போது பழிப்பாக மாறுகிறது. எதற்காக அளக்கிறோம் என்று கேட்காமல், யாரை அளந்தோம் என்பதை மட்டும் கேட்பதும் அரைக் கேள்விதான்.

செல்வர் வீட்டுக் கோலும் நிலையாக நிற்கவில்லை. வசதி பெருகப் பெருக நகரத்துப் பிள்ளைகள் பருக்கத் தொடங்கினார்கள். அவர்களை அப்படியே அளந்தால் கொழுப்பே இயல்பாகிவிடும் என்ற நிலை வந்தது. 2015இல் அட்டவணையைத் திருத்தியபோது மிகு எடையுள்ளோரை விலக்கிவிட்டே கணக்கிட்டார்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே குறிப்பிடத்தக்கது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல பராமரிப்புப் பெற்ற பிள்ளைகள் ஐந்து வயது வரை ஏறத்தாழ ஒரே அளவில் வளர்ந்தார்கள். அவர்கள் சிறு குழந்தைகள்தாம். ஆயினும் இனத்துக்கு இனம் வளர்ச்சியின் உச்சவரம்பு வேறு என்ற ஹால் காலத்துப் பேச்சுக்கு அது போதிய விடை.

மேலைநாட்டாரும் இப்போது தங்கள் பானையைத் திரும்பிப் பார்க்கிறார்கள். 2008இல் ஜெப்ரி ஆர்னெட், அமெரிக்க உளவியல் கழகத்தின் ஆறு முதன்மை இதழ்களைப் புரட்டிப் பார்த்தார்: ஆராயப்பட்டவர்களில் 100க்கு 68 பேர் அமெரிக்கர், மேலைத் தொழில்வள நாட்டார் அனைவரையும் சேர்த்தால் 96 பேர். உலக மக்களில் அந்நாட்டார் 12 பங்குதான்! 2010இல் ஹென்ரிக் குழுவினர் இவர்களுக்கு 'வியர்ட்' மக்கள் என்று பெயரிட்டார்கள். மேலைநாட்டார், படித்தவர், தொழில்வளம் மிக்கவர், செல்வர், மக்களாட்சி நாட்டார் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து 'விசித்திரமானவர்' என்று பொருள் தரும் சொல் அது. 2017இல் லெவின் குழுவினர் மூளைப் படங்களை வைத்து ஆராய்ந்தது இன்னும் கூர்மையானது. திரட்டப்பட்ட பிள்ளைகளில் வசதியும் படிப்பும் மிக்க வீட்டார் மிகுந்திருந்தார்கள். அமெரிக்க மக்களின் உண்மையான விகிதத்துக்கேற்பக் கணக்கைத் திருத்தியதும், மூளைப் பரப்பு உச்சம் தொடும் வயதே முன்னுக்கு நகர்ந்தது! எலும்பையும் மனத்தையும் விடுங்கள், மூளையின் காலண்டரே யாரை அளந்தோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

இதற்கு மாறாக நடந்தவர்களும் உண்டு. 2002இல் எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 'யங் லைவ்ஸ்' என்ற நெடுநாள் ஆய்வு தொடங்கியது. இந்தியாவில் அன்றைய ஆந்திரப் பிரதேசம் களம். நாட்டுக்கு ஏறத்தாழ 3,000 பிள்ளைகள். ஏழைப் பகுதிகளையே மிகுதியாகத் தேர்ந்தார்கள். எங்கள் மாதிரி ஏழ்மையின் பக்கம் சாய்ந்தது, நாட்டுச் சராசரியாக இதைக் கொள்ளாதீர் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தார்கள். பள்ளியைவிட்டு நின்ற பிள்ளையையும், ஊர் மாறிய பிள்ளையையும் தேடிச் சென்று பேசினார்கள்.

தேடிச் செல்வது கடினம் என்பார்கள். நம் மாநிலத்தில் பள்ளி செல்லாப் பிள்ளைகளின் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடக்கிறது. ஆசிரியர்கள் தெருத்தெருவாக, செங்கல் சூளை வரையிலும் சென்று, பெயரும் வயதும் நின்ற வகுப்பும் எழுதுகிறோம். எங்கள் பகுதியில் உள்ள பள்ளிகளுக்கு ஆராய்ச்சி மாணவர்கள் வினாத்தாள்களோடு வருவதுண்டு. ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, வரிசை எண்ணில் மூன்றுக்கு ஒருவராகக் குறித்துக்கொண்டு, ஒரு பாடவேளைக்குள் வேலையை முடித்துத் திரும்புகிறார்கள். நான் பணியாற்றும் இந்த நான்காண்டுகளில், மேசையின் மறு இழுப்பறையில் இருக்கும் அந்த இன்னொரு பட்டியலை எவரும் கேட்டதில்லை.